ஜோஷ்வாவின் ரத்தம்

ஜோஷ்வா உங்கள் மனைவியின் சொந்த அண்ணன்தானா என்று அந்தப் பெண் கேட்டபோது நான் நாவலூர் அலுவலகத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் தயிர்சாத டப்பாவின் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

“தப்பா எடுத்துக்காதீங்க சார். ரெண்டு பேருக்கும் அம்மா, அப்பா ஒண்ணுதானே?”

“ஆமா.”

“இல்ல, பெரியப்பா பையன், சித்தி பையனைக்கூட சில பேர் சொந்த அண்ணன்னு சொல்லிடுவாங்க. அதான்...”

“கூடப்பிறந்தவர்.”

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. பேசியவள் ஹரிப்ரியா. என் மனைவி ஜெனிட்டா கடைசியாக இருந்த மருத்துவமனையில், இதய ஆராய்ச்சிப் பிரிவில் வேலை. ஒவ்வொரு வார்த்தையையும் துடைத்து எடுத்து வைப்பதுபோலப் பேசுவாள்.

“சாம்பிள் மாறியிருக்கலாம் சார். இன்னொரு தடவை எடுத்துடலாமா?”

“மாறலைன்னா?”

“அதுக்கு மேல நாங்க எதுவும் சொல்றதில்லை சார்.”

சொல்லாமலேயே சொல்லிவிட்டாள். மூடி அதற்கப்புறமும் திறக்கவில்லை. டப்பாவை அப்படியே பைக்குள் போட்டுக்கொண்டு என் இடத்துக்குத் திரும்பினேன்.

ஜெனிட்டா இறந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. முப்பத்தொரு வயது. மாரடைப்பு. ஐசியுவில் இரண்டு நாள் இருந்தாள். இரண்டாம் நாள் ஓர் இளம் மருத்துவர் படிவம் ஒன்றை நீட்டினார். நாற்பது வயதுக்குள் மாரடைப்பு வந்தவர்களின் ரத்தத்தை வைத்து ஆய்வு நடக்கிறதாம். உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் ரத்தத்தில் சிஆர்பி என்று ஒரு புரதம் ஏறும். அதை ஏற்றி இறக்குகிற மரபணு எது, அதற்கும் மாரடைப்புக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்கிறார்கள். கூடப்பிறந்தவர்களின் ரத்தமும் பின்னால் தேவைப்படலாம். கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு வீட்டுப் பத்திரத்தை நீட்டியிருந்தாலும் போட்டிருப்பேன்.

பத்து மாதம் யாரும் கூப்பிடவில்லை. பிறகு கூப்பிட்டார்கள், ஜெனிட்டாவை. “ஜெனிட்டா மேடம்கிட்ட பேசலாமா?” இறந்துவிட்டாள் என்றேன். மன்னிப்புக் கேட்டார்கள். மறுவாரம் வேறொரு குரல் அதே கேள்வியைக் கேட்டது. மறுபடியும் சொன்னேன், மறுபடியும் மன்னிப்பு. மூன்றாம் தடவை “வெளியே போயிருக்கா” என்று சொல்லி வைத்துவிட்டேன். நான்காவதாகக் கூப்பிட்ட ஹரிப்ரியாவுக்குத்தான் விஷயம் தெரிந்திருந்தது. அண்ணனின் ரத்தம் வேண்டும், பரிசோதனை முடிவை அவருக்கும் தருவோம், அவருக்கும் ஆபத்து இருக்கிறதா என்று தெரிந்துவிடும் என்றாள். சரி என்றேன்.

ஏன் சரி என்றேன் என்பது எனக்கு மட்டும் தெரியும். அடக்கத்துக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் கொண்டுவந்திருந்தார்கள். பிராய்லர் கோழி. நைட் ஷிஃப்ட். நாள் முழுக்க ஏசி. கண் பட்டது. குழந்தையைத் தள்ளிப்போட மாத்திரை எடுத்தாளா என்று பெரியம்மா முறையுள்ள ஒருத்தி என்னிடமே கேட்டாள். எல்லாவற்றையும் நின்று கேட்டுக்கொண்டேன். என்னிடமும் ஒரு காரணம் இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

இறப்பதற்கு ஏழு மாதம் முன்பு அவள் அலுவலகத்தில் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். கொழுப்பு சரி. சர்க்கரை சரி. ஒரே ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது. சிஆர்பி 4.8. மூன்றுக்கு மேலே போனால் இதய ஆபத்து அதிகம், இரண்டு வாரம் கழித்துத் திரும்பப் பாருங்கள் என்று கீழே போட்டிருந்தது. ஜெனிட்டா அந்த வரியை நகத்தால் தொட்டுக் காட்டி, “இது என்னப்பா?” என்றாள். நான் போனில் இரண்டு நிமிடம் தேடினேன். “சளி பிடிச்சிருக்குல்ல, அதான். பல் வலிக்குக்கூட ஏறுமாம்” என்றேன். அவளுக்குச் சளி இருந்தது உண்மை. நான் படித்ததும் உண்மை. இரண்டு வாரம் வந்தது, போனது. அந்தத் தாள் இன்னும் மின்கட்டண ரசீதுகளோடு கிடக்கிறது.

அண்ணனுக்கும் அதே எண் வருகிறதா என்று எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது. வந்தால் அவரையாவது பிடித்து இழுத்துக்கொண்டு போய் வைத்தியம் பார்க்கலாம். என் தப்பு என்று எழுத்திலும் வந்துவிடும்.

ஜோஷ்வாவுக்கு முப்பத்தாறு வயது. முட்டுக்காட்டில் ஒரு தனியார் படகுத்துறையில் மோட்டார் படகு ஓட்டுகிறார். முதலில் முடியவே முடியாது என்றார்.

“எனக்கு இன்னா மாப்ள? நல்லாத்தான கீறேன்.”

“உங்க தங்கச்சியும் நல்லாத்தான் இருந்தா.”

அவர் வைத்துவிட்டார். பத்து நாள் போனையே எடுக்கவில்லை. பிறகு அவராகவே கூப்பிட்டு, “சரி, போட்டாண்டயே வரச் சொல்லு” என்றார். மருத்துவமனையிலிருந்து ஆள் போய் எடுத்து வந்தார். மூன்று வாரத்தில் முதல் ரிப்போர்ட் வந்தது. சிஆர்பி 0.6. கொழுப்பு, சர்க்கரை எல்லாம் பள்ளிக்கூடப் பையனுக்கு இருப்பதுபோல. அவருக்கு அனுப்பினேன். பதிலுக்குக் குரல் பதிவு வந்தது. “பாத்தியா? சிங்கம் மாப்ள, சிங்கம்!” பின்னால் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். மரபணு முடிவுக்கு இன்னும் இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். அதைத்தான் இப்போது ஹரிப்ரியா சொல்லாமல் சொன்னாள்.

நான்கு நாள் அந்தக் கேள்வியோடு திரிந்தேன். ஜோஷ்வா அண்ணன் இல்லை என்றால் அவருக்கு ஆபத்தும் இல்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. ஜெனிட்டாவின் சாயலில் மீதியிருந்த ஒரே ஆளையும் யாரோ அழித்துவிட்டதுபோல எரிச்சல்தான் வந்தது. இதை ஏன் என்னிடம் சொன்னார்கள்? ஒரு மனுஷியின் முப்பத்தாறு வருட ரகசியத்தை, அவள் மருமகன் தயிர்சாதம் தின்னப் போகிற நேரத்தில்?

ஞாயிற்றுக்கிழமை பூஞ்சேரிக்குப் போனேன். ஜெனிட்டாவின் அம்மா, என் அத்தை ரெபேக்காள் வீடு. மாதத்தில் ஒரு ஞாயிறு போவது வழக்கம். அதை எப்படி நிறுத்துவது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. தேவாலயத்திலிருந்து வந்து சேலைகூட மாற்றாமல் மீன் வறுத்துக்கொண்டிருந்தார். நான் சுவரில் இருந்த மாமாவின் படத்தைப் பார்த்தேன். செல்வராஜ். லாரி ஓட்டியவர். நாற்பத்தொரு வயதில் போய்விட்டார். அந்த முகத்தில் ஜோஷ்வாவைத் தேடினேன். மீசைதான் தெரிந்தது.

“இன்னா தம்பி, போட்டோவயே மொறச்சிகினு கீறீங்க? இன்னைக்கு நேத்தா மாட்டினேன்?”

“மாமா எப்படி இறந்தாரு அத்தை?”

“தெரியாத மாதிரி கேக்குறீங்களே. குடிச்சிதான். காலைல பல்லு வெளக்கிகினு இருந்தாரு. நெஞ்ச புடிச்சிகினு அப்டியே குந்திட்டாரு.”

“காலையிலயே குடிச்சிருந்தாரா?”

“சேச்சே. அதுக்கு முந்தின வருசம் ஈஸ்டரோட உட்டுட்டாரே. தொடவே இல்ல.”

“அப்ப எப்படிக் குடிச்சு செத்தாருன்னு சொல்றீங்க?”

கரண்டியோடு திரும்பி என்னைப் பார்த்தார். “பின்ன இன்னாத்துக்குச் செத்தாரு? நாப்பத்தோரு வயசு மனுசன்?”

இந்தக் குடும்பத்தோடு பேசி ஜெயிக்க முடியாது. தட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். மீனைப் போடக் குனிந்தபோது அவருடைய காதைப் பார்த்தேன். ஜெனிட்டாவுக்குக் காது மடல் கன்னத்தோடு சேரும் இடத்தில், குண்டூசி குத்தியதுபோல ஒரு சின்னத் துளை இருந்தது. பிறவியிலேயே வந்தது. ஜோஷ்வாவுக்கும் அதே இடத்தில் இருக்கிறது. அத்தைக்கு இந்தப் பக்கம் இல்லை. தண்ணீர் கேட்டேன். கொண்டுவந்து வைத்தபோது அந்தப் பக்கமும் பார்த்தேன். இல்லை.

“மாமாவுக்குக் காதுகிட்ட ஒரு ஓட்டை இருந்துச்சா அத்தை?”

“ரெண்டு காதுலயும் இருந்திச்சி. கல்யாணத்தன்னிக்கே பாத்து, இன்னாய்யா இது பொம்பளப் புள்ள மாதிரின்னு கேட்டேன்.” முதல் தடவையாகச் சிரித்தார். அப்புறம், “இன்னா தம்பி, உடம்பு கிடம்பு செரியில்லையா?” என்றார்.

மாமாவின் காது ஜெனிட்டாவுக்கும் வந்திருக்கிறது, ஜோஷ்வாவுக்கும் வந்திருக்கிறது. அத்தை மேல் ஒரு குறையும் இல்லை. மாறியது ரத்தம்தான். எங்கே மாறியது என்று ஜோஷ்வாவிடம்தான் கேட்க வேண்டும். நான்கு நாள் நான் அவரைப் பற்றி நினைத்ததெல்லாம் அந்த மீன் துண்டோடு தொண்டையில் இறங்கியது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு முட்டுக்காட்டுக்குப் போனேன். வெயில் ஏறியிருந்தது, கூட்டம் இல்லை. படகுகளைக் கட்டிப் போட்டிருந்தார்கள். ஜோஷ்வா எஞ்சின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்துப் படகில் சம்பத் என்று ஒருவன் பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கோவளத்துக்காரன், இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும்.

“மச்சான், ஆஸ்பத்திரிலேர்ந்து போன் வந்துச்சு.”

“அதான் ரிப்போர்ட்டு வந்துச்சே.”

“நீங்களும் ஜெனியும் ஒரே அப்பா அம்மாவுக்குப் பொறக்கலையாம்.”

துடைத்த கை நின்றது. “எந்தப் பேமானி சொன்னான்?”

“ரத்தம் சொல்லுது.”

அவர் முகம் கறுத்தது. துணியை வீசிவிட்டு என் பக்கம் ஓர் அடி வைத்தார். அப்புறம் எதுவோ உறைத்ததுபோலப் பக்கத்துப் படகைத் திரும்பிப் பார்த்தார். மெதுவாகப் பலகையில் உட்கார்ந்தார்.

“அய்யய்யோ” என்றார். “டேய் சம்பத்து.”

“இன்னாண்ணா?”

“உன் ரத்தம் எங்கம்மாவ சந்தி சிரிக்க வச்சிருச்சிடா.”

“நான் இன்னாண்ணா பண்ணேன்? நீதான பிரியாணி வாங்கித் தரேன், கைய நீட்டுடான்ன.”

“ஆதார் கார்டு கேட்டிருப்பாங்களே” என்றேன்.

“காட்டினேன். அந்தப் போட்டோ இவன் மாதிரியும் கீது, உன்ன மாதிரியும் கீது. ஆதார்ல யாரு மாப்ள தன்ன மாதிரி கீறான்?” தலையில் கை வைத்துக்கொண்டார். “சுகரு, கொழுப்பு, அத்தத்தான் சொல்லும்னு நெனச்சேன். ரத்தம் அப்பன் பேரச் சொல்லும்னு எனக்கு இன்னா தெரியும்?”

அவரைத் தண்ணீருக்குள் தள்ள வேண்டும்போல இருந்தது. பதினான்கு மாதத்தில் எனக்கு உருப்படியாகத் தோன்றிய முதல் ஆசை அதுதான். ஆனால் அங்கே இடுப்பளவுதான் ஆழம்.

“ஏன் மச்சான்?”

அவர் கரையைக் காட்டினார். நரைத்த தலையோடு ஒருவர் மிதவைச் சட்டைகளைக் கொடியில் உலர்த்திக்கொண்டிருந்தார். “மோசஸு. இருவத்திரெண்டு வருசம் எஞ்சின் புடிச்ச ஆளு. போன வருசம் பீபின்னு தெரிஞ்சிச்சி. இனிமே எஞ்சினத் தொடாதன்னுட்டாரு மொதலாளி.”

“ரிப்போர்ட் என் போனுக்குத்தானே வரும்? உங்க முதலாளிக்கு எப்படிப் போகும்?”

“உனக்கு வந்தா நீ எங்கம்மாவாண்ட சொல்லுவ. எங்கம்மா சர்ச்சு அய்யர் கையில சீட்டு எழுதிக் குடுக்கும். ஞாயித்துக்கெழம சுகவீனமா கீறவங்களுக்கு ஜெபம்னு பேரப் படிப்பாங்க. ‘நெஞ்சுல நோவுள்ள சகோதரர் ஜோஷ்வா’ன்னு மைக்குல வரும். மொதலாளி பன்னீர்செல்வத்தோட வூட்டம்மா ரெண்டாவது பெஞ்சுல குந்திகினு கீது. மோசஸு பேரும் அப்டித்தான் போச்சி.”

அடுத்த மாதம் ஜோஷ்வாவின் படகு உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு உடல் தகுதிச் சான்று வேண்டும். இத்தனையும் யோசித்துத்தான் செய்திருக்கிறார். மனுஷன் எல்லாவற்றையும் யோசித்திருக்கிறார், செத்துப்போவதை மட்டும் யோசிக்கவில்லை.

“படகு இல்லாம போயிடும்னு பயம். உயிர் போனா?”

“தெரிஞ்சிகினு இன்னா பண்றது? ஜெனி ஒண்ணும் தெரியாமப் போனா. நிம்மதியாப் போனா.”

“அவளுக்குத் தெரியும்.”

எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. சொல்லிவிட்டேன். “ஏழு மாசம் முன்னாடியே ரிப்போர்ட் வந்துச்சு. ரிஸ்க்குன்னு எழுதியிருந்துச்சு. எங்கிட்டதான் காட்டினா. சளின்னு சொன்னேன்.”

சம்பத் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். ஜோஷ்வா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். படகு லேசாக ஆடி, கட்டிய கயிற்றை இழுத்தது.

“போ மாப்ள” என்றார். “இப்ப இங்கருந்து போயிடு.”

போனேன். மறுநாள் விடிந்ததும் போனில் அவரிடமிருந்து ஒரு வரி வந்திருந்தது. எங்க வரணும்.

இந்தத் தடவை நான் பக்கத்தில் நின்றேன். அவர் கையில் ஊசி இறங்கியதைப் பார்த்தேன். குப்பியில் பேர் ஒட்டியதையும் பார்த்தேன். ஹரிப்ரியாவிடம் நடந்ததைச் சொன்னபோது “ஓ” என்றாள். அந்த ஒரு எழுத்தை மட்டும் அவள் துடைக்காமல் எடுத்து வைத்தாள். இந்த ஒரு குப்பியை அடுத்த தொகுதியிலேயே சேர்த்து முடித்துத் தருகிறேன் என்றாள்.

முடிவு வந்ததும் டாக்டர் ஜெகதாம்பாள் எங்கள் இருவரையும் அழைத்தார். ஐம்பதைத் தாண்டிய, தூக்கம் போதாத முகம். இரண்டு தாள்களை மேசையில் பக்கம் பக்கமாக வைத்தார்.

“சிஆர்பி இவருக்கு நாலு புள்ளி ஒண்ணு. தங்கச்சிக்கு நாங்க பார்த்தப்போ எக்கச்சக்கமா இருந்தது, அது அட்டாக்கினால. அதை விட்டுடுங்க. ரெண்டு பேருக்கும் அந்த ஜீன் ஒரே மாதிரி இருக்கு. இந்தக் குடும்பத்துல சிஆர்பி பிறவியிலேயே கொஞ்சம் தூக்கலாத்தான் ஓடும்.”

என்னிடம் இருந்த பழைய தாளை எடுத்து வைத்தேன். அவர் படித்தார்.

“அதனாலதான் அட்டாக் வந்ததா?” என்றேன்.

“இல்லை.”

“மூணுக்கு மேல போனா ரிஸ்க்னு போட்டிருக்கே.”

“சிஆர்பி ஏறினவங்க நிறையப் பேருக்கு அட்டாக் வருது, அது நிஜம். ஆனா ஜீனால மட்டும் ஏறினவங்களைத் தனியாப் பிரிச்சு, லட்சக்கணக்குல பார்த்துட்டாங்க. அவங்களுக்கு மத்தவங்களைவிட அதிகமா ஒண்ணும் வரலை. ஈசிஆர் ரோட்டுல பஸ் வருதுல்ல, சில பஸ்ஸுக்கு ஹார்ன் சத்தமே ஜாஸ்தி. அதுக்காக அது வேகமா வருதுன்னு அர்த்தமில்லை.” தாளின் கீழே இன்னொரு வரியைப் பேனாவால் தொட்டார். “இது வேற. லிப்போபுரோட்டீன் ஏ, ரத்தக்குழாயை அடைக்கிற ஒரு வகைக் கொழுப்பு. இதுவும் பிறவியிலேயே வர்றது. ரெண்டு பேருக்கும் ரொம்ப அதிகம். அநேகமா இவங்க அப்பாவுக்கும் இருந்திருக்கும். இது ஹார்ன் இல்லை. இதுதான் பஸ்.”

“அதை ஏன் யாரும் பார்க்கலை?”

“வழக்கமான செக்கப்ல இது இருக்காது சார்.”

“அப்ப நான் அன்னைக்கே அவளைக் கூட்டிட்டுப் போயிருந்தா?”

அவர் பேனாவை மூடி வைத்தார். “இதே நாலு புள்ளி சொச்சம்தான் மறுபடியும் வந்திருக்கும். யாராவது சந்தேகப்பட்டு இன்னும் நாலு டெஸ்ட் எழுதியிருக்கலாம். எழுதாமலும் அனுப்பியிருக்கலாம். இதுக்கு மேல என்னால சொல்ல முடியாது.”

ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இத்தனை மாதம் ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது தப்பான எண்ணாம். பாதிக் குற்றத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் என்ன செய்வது? முழுசாகவாவது கொடுக்கக் கூடாதா? எழுந்து கத்த வேண்டும்போல இருந்தது. தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

“அப்ப எனக்கு இன்னா மேடம்?” என்றார் ஜோஷ்வா. அந்தக் குரலில் சிங்கம் இல்லை.

“மாத்திரை ஆரம்பிக்கணும். அதுக்கு முன்னாடி ரத்தக்குழாய் இப்ப எப்படி இருக்குன்னு பார்க்கணும். முதல்ல டிரெட்மில். இன்னைக்கே பண்ணிடலாம்.”

“போட் ஓட்டலாமா?”

“ஓடிக் காட்டுங்க. அப்புறம் சொல்றேன்.”

அறைக்கு வெளியே சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். போனைக் கொடுத்தார். கழுத்தில் இருந்த சிலுவைச் சங்கிலியையும் கழற்றிக் கொடுத்தார். செருப்போடு ஓடக் கூடாது என்றார்கள். என் ஷூவைக் கழற்றிக் கொடுத்தேன். உள்ளே நர்ஸ் அவர் மார்பில் அங்கங்கே மழித்து வயர்களை ஒட்டினாள்.

“சிஸ்டர், கூசுது.”

“பேசாம நில்லுங்க அண்ணா.”

கதவில் ஒரு கைக்குட்டை அளவுக்குக் கண்ணாடி இருந்தது. ஓடுபட்டை மெதுவாக நகரத் தொடங்கியது. ஜோஷ்வா கம்பியைப் பிடித்துக்கொண்டு, முதல் தடவை படகில் ஏறுகிறவர்களைப்போல அடியெடுத்து வைத்தார். நான் வெறுங்காலோடு வெளியே நின்றேன். அவருடைய போன் அடித்தது. ‘அம்மா’ என்று காட்டியது. அடித்து ஓய்ந்து, மறுபடியும் அடித்தது. எடுத்தேன்.

“ஜோஷ்வா, எங்கடா கீற? போட்டாண்ட இல்லன்னு சம்பத்து சொல்றான்.”

“அத்தை, நான்தான்.”

“தம்பியா? அவன் எங்க?”

உள்ளே பட்டையின் முன்பக்கம் மேடாக எழுந்தது. வேகம் கூடியது. அவர் முதுகு நனைந்து மின்னியது. என் ஷூ அவர் காலில் தொம் தொம் என்று விழுந்துகொண்டிருந்தது.

“ஓடிக்கிட்டிருக்காரு அத்தை.”

“இந்த வெயில்லயா? இன்னாத்துக்கு ஓடுறான்? யாரு தொரத்துறாங்க?”

கதவுக்கு இன்னும் கிட்டப் போனேன்.

“தம்பி,” என்றார் அத்தை, “அது இன்னா சத்தம்?”

போனைக் காதிலிருந்து எடுத்து, கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தேன்.